வாசிக்காமல் விட்ட வரிகள்

என் கணவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே மிளகுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். ஆனாலும் எங்கள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அவர் என் அப்பாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நான் பாலக்காட்டுப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எழுதத் தெரியாத பாஷையில் இவ்வளவு வாயாடுகிற ஆளை நான் பார்த்ததில்லை என்று முப்பது வருஷமாகக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கணக்கு டீச்சருக்கு அது இருக்கத்தான் வேண்டும்.

அவருடைய இந்தக் குறை ஒரு நாள் எனக்கு வசதியாகப் போகும் என்று நினைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிடங்கில் நின்றுகொண்டிருந்தவர் இடது கை வெட்டி வெட்டி இழுக்கக் கீழே விழுந்தார். தலையின் வலது பக்கத்தில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துவிட்டு ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரை நான் இதுவரை வீட்டுக்குள் உச்சரித்ததில்லை. பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. அவருடைய முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு மூடி செய்து, அதை மாட்டி, தலையை மேஜையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். முடிந்து வரும்போது நெற்றியில் சின்னச் சின்னக் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். வைட்டிலாவிலிருந்து பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் அது மறைந்துவிடும். மறையும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

கதிர்வீச்சு முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எங்கள் டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். முதல் முறையே என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். வீட்டில் அவரிடம் என்ன மாற்றம் தெரிந்தாலும் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள், படத்துக்குத் தெரியாதது கூட இருப்பவர் கண்ணுக்குத் தெரியும் என்றாள். நான் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தமிழில் எழுதினேன். மலையாளத்தில் எழுதியிருந்தால் அவர் படித்துவிடுவார். தமிழில் எழுதினால் ஒளித்து வைக்கக்கூட வேண்டாம். பிரிட்ஜுக்கு மேலே, மாத்திரை டப்பா பக்கத்திலேயே கிடந்தது.

ஒன்பது மாதம் அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சாயா குடித்தார், படகு வந்து நிற்கிற ஜெட்டி வரைக்கும் நடந்தார், கிடங்கில் அரை நாள் வேலை பார்த்தார், என்னிடம் சண்டை போட்டார். சண்டை போட்டதையும் எழுதினேன். அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பட்டது.

அப்புறம் ஒரு நாள் தட்டில் தோசை பாதி மிச்சம் இருந்தது. சரியாக இடது பாதி. வலது பக்கத்தில் துடைத்து வைத்ததுபோல இருந்தது, இடது பக்கத்தில் சட்னிகூடக் கலையவில்லை. போதுமா என்று கேட்டேன். இன்னொன்று போடு, பசிக்கிறது என்றார். தட்டிலேயே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தட்டை எடுத்து, அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, மிச்சம் இருந்த பாதி வலது பக்கம் வரும்படி சுற்றி வைத்தேன். புதுத் தோசை என்று நினைத்துச் சாப்பிட்டார்.

அன்றைக்கு நோட்டில் எழுதினேன், இடது பக்கத்துத் தோசையைப் பார்க்கவில்லை என்று. இரண்டு நாள் கழித்து, குளியலறை நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார் என்று எழுதினேன். சட்டையின் இடது கையை மாட்டாமலே வெளியே கிளம்பினார் என்றும் எழுதினேன். அவரிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே தெரியவில்லை. உலகத்தில் ஒரு பக்கம் மெதுவாக அணைந்துகொண்டு வருகிறது, ஆனால் உள்ளே இருப்பவருக்கு இருட்டே தெரியவில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

அடுத்த எம்.ஆர்.ஐ.யில், ஆபரேஷன் செய்த குழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. டாக்டர் திரையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றாள். கட்டி திரும்பி வந்திருக்கலாம். அல்லது கதிர்வீச்சு சுட்டதில் மூளையின் சதை செத்துப்போய் வீங்கிய புண்ணாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். புண்ணென்றால் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். கட்டியென்றால் காத்திருக்கக்கூடாது. பிரித்துப் பார்க்க இன்னொரு வகை ஸ்கேன் இருக்கிறது, பெட் ஸ்கேன். கட்டி ஆசைப்பட்டு இழுத்துக்கொள்ளும் ஒரு சத்தோடு கொஞ்சம் கதிர்ப்பொருளைச் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். உயிருள்ள கட்டி அதை உறிஞ்சிக்கொண்டு திரையில் எரியும். செத்த சதை பெரும்பாலும் உறிஞ்சாது. இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும்.

என் கணவருக்கு அது உடனே புரிந்தது. அவர் வேலையே அதுதானே. குத்தூசியை மூட்டையின் வயிற்றில் இறக்கி, உள்ளே இருக்கிற மிளகை உருவி எடுத்துப் பார்ப்பது. மூட்டையின் வாயில் கனத்த மிளகைப் பரப்பி, நடுவில் பொக்கு மிளகை நிரப்பி அனுப்புகிறவர்களை அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். அப்போ இதுவரை மூட்டை வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமா என்று டாக்டரிடம் மலையாளத்தில் கேட்டார். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நடையில், கையில், சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா? ஒரு பக்கத்தை மட்டும் கவனிக்காமல் விடுகிறாரா? அப்படி ஏதாவது இருந்தால் இந்த வாரமே அந்த ஸ்கேனைச் செய்துவிடலாம். ஒன்றும் இல்லையென்றால் ஆறு வாரம் பொறுத்து, இரண்டு ஸ்கேனையும் ஒரே நாளில் எடுக்கலாம், அதற்குள் புண்ணாக இருந்தால் தானே சுருங்கவும் செய்யலாம் என்றாள்.

நான் நோட்டைப் பிரித்தேன். தமிழில் இருந்ததை மலையாளத்தில் வாசித்தேன். பசி நன்றாக இருக்கிறது. ஜெட்டி வரைக்கும் நடந்தார். தூக்கம் சரி. ஒவ்வொரு பக்கத்திலும் இடது என்ற வார்த்தை இருந்த வரியை என் கண் தாண்டியது. தாண்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சொன்னால்தான் அது வியாதியாகும், சொல்லாதவரைக்கும் வெறும் தோசை என்று அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. பிள்ளைகள் அப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன். அவர் என் பக்கத்து நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஆறு வாரம் என்று எழுதினாள்.

அந்த ஆறு வாரத்தில் முதல் நாலு வாரத்தை எப்படிக் கடந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தட்டைச் சுற்றிச் சுற்றி வைத்தேன். சாப்பாட்டு மேஜையில் அவருடைய நாற்காலியை இடது பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டேன், அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இருக்கக்கூடாது என்று. தெருவில் நடக்கும்போது இடது பக்கம் நானே போய்க்கொண்டேன். பஜார் ரோட்டில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், ஒரு லோடு வண்டி அவரை உரசாமல் என்னை உரசிப் போனது. தெரிந்தவர்கள் இந்த வயதில் என்ன ஒட்டிக்கொண்டே நடக்கிறீர்கள் என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது வாரம் அவர் தேறினார். எனக்கு இப்போதும் அந்தக் காலை நினைவிருக்கிறது. நான் எழுந்து வரும்போது அவர் சாயா போட்டு வைத்திருந்தார். தலைவலி இல்லை என்றார். நடை நேராக இருந்தது. கப்பைக்கிழங்கும் மீனும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, இரண்டு முறை போட்டுக்கொண்டு, தட்டை முழுக்கக் காலி செய்தார். இடது பக்கத்தையும் சேர்த்துத்தான். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் யாரையும் திட்டவில்லை. டீச்சருக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்ததைச் சதை போடுகிறது என்று நினைத்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டைச் சுற்றி வந்ததைச் சுறுசுறுப்பு என்று நினைத்தேன். இதே பசி, இதே கன்னம், இதே தூக்கமின்மை எல்லாம் ஆபரேஷனிலிருந்து கதிர்வீச்சு முடிந்து கொஞ்ச நாள் வரைக்கும் வீக்கம் வற்றுவதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது இருந்தவைதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானே என் கையால் நோட்டின் முதல் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். பார்க்க விரும்பாததைப் பார்க்காமல் இருப்பதற்கு வியாதி ஒன்றும் தேவையில்லை.

ஸ்கேன் நாளன்று காலையிலிருந்து வெறும் வயிறு. பசிக்கிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். ஊசி போட்டு, ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம்வரை கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் போகவேண்டாம் என்று நர்ஸ் எங்களிடம் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அந்தக் கனமான கதவு மூடியது பிடிக்கவில்லை. ஆனாலும் பயம் முன்னைப்போல இல்லை. தேறிவிட்டாரே. புண்ணாகத்தான் இருக்கும், சுருங்கியிருக்கும். வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கலாம் என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டாள். முதலில் எம்.ஆர்.ஐ.யைக் காட்டினாள். வளையம் மெலிந்திருந்தது. சுற்றியிருந்த வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. டாக்டர் சிரிக்கவில்லை. மவுஸை நகர்த்தி இரண்டாவது படத்தை அதன் மேல் வைத்தாள்.

சாம்பல் நிறத்துக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருந்தது. சாம்பலை ஊதினால் உள்ளே கங்கு தெரியுமே, அப்படி. வளையம் இருந்த இடத்தில் மட்டும் இல்லை. அதைத் தாண்டி, எம்.ஆர்.ஐ.யில் சாதாரணமாகத் தெரிந்த இடத்திலும் இருந்தது. நடுக்கோடு வரைக்கும் ஒரு நாக்கு நீண்டிருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனாலும் ஒரு படம் குறைந்திருக்கிறது என்கிறது, இன்னொன்று கூடியிருக்கிறது என்கிறது, இரண்டும் ஒரே தலை என்பது தெரிந்தது.

டாக்டர் அவரைப் பார்த்து, ஸ்டீராய்டு ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டாள். அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிறதே என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் ஆமாம் என்றார். பன்னிரண்டு நாளாக. பழைய அட்டை மிச்சம் கிடங்கில் மேஜைக்குள் இருந்தது. சாயாவோடு போட்டுக்கொண்டேன் என்றார். கடையில் வாங்கிய சாமானைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

டாக்டர் கோபப்படவில்லை. அந்த மாத்திரை வீக்கத்தை வடியவைக்கும், வளையத்தையும் மங்கவைக்கும், எம்.ஆர்.ஐ.யை ஏமாற்றிவிடும் என்றாள். பெட் ஸ்கேனை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற முடியாது, அதனால்தான் இரண்டையும் சேர்த்து எடுக்கிறோம் என்றாள். அறிக்கையை முடிக்க அரை மணி நேரம் ஆகும் என்று எங்களை வெளியே உட்காரச் சொன்னாள்.

வராந்தாவில் நான் அவரைச் சும்மா விடவில்லை. ஆயுசு பூராவும் மூட்டை வாயில் நல்ல மிளகைப் போடுகிறவனைத் திட்டிவிட்டு, கடைசியில் தன் தலைக்கே அதைச் செய்தாரே என்று கேட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று கேட்டேன். பைத்தியமா உங்களுக்கு, யாரை ஏமாற்ற, டாக்டரையா என்று கேட்டேன்.

“உன்னைத்தான்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய கிடங்கில் தேனிப் பக்கத்து ஆள் ஒருவர் மூட்டை தூக்குகிறார், நாற்பது வயதிருக்கும், எனக்கும் தெரிந்தவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது இவர் பிரிட்ஜ் மேலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு நாளாக என் பெண்டாட்டி என்னதான் எழுதுகிறாள் பார்ப்போம் என்ற விளையாட்டில்தான். அந்த மனிதர் நாலு பக்கம் வாசித்துவிட்டு, இதுக்கு மேல வேண்டாம்ணே என்று நோட்டை மூடியிருக்கிறார். இவர் விடாமல் முழுக்க வாசிக்க வைத்திருக்கிறார். தன் இடது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது இவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கிடங்கு வாசலில், ஒரு கூலிக்காரரின் வாயிலிருந்து, என் எழுத்தில்.

“ஒவ்வொரு நாளும் நீ அதை எழுதிட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வருவே. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். பத்து நாளாவது நல்லதா எழுதட்டும்னு நினைச்சேன், அதாக்கும்.”

நான் எழுந்து, தட்டாமலே கதவைத் திறந்து, டாக்டர் அறைக்குள் போனேன். ஆறு வாரத்துக்கு முன்னால் நான் வாசித்தது முழுசில்லை என்று சொன்னேன். நோட்டை மேஜைமேல் வைத்து, விட்ட வரிகளை வாசித்தேன். தோசை, நிலைப்படி, சட்டைக் கை. என் மலையாளம் அன்றைக்கு வாய்க்குள்ளேயே முறிந்து முறிந்து வந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு விஷயம் கேட்டேன், அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

“சேச்சி, அன்றைக்கே இந்த ஸ்கேனை எடுத்திருப்பேன்,” என்றாள். “அன்றைக்கு இது இத்தனை தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன். ஆபரேஷன் செய்ய இடம் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். இப்போது இல்லை.”

மருந்து இருக்கிறது, திங்கட்கிழமை தொடங்கலாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி இரண்டு ஸ்கேனும் சேர்த்து எடுத்து மருந்து கேட்கிறதா என்று பார்க்கலாம் என்றாள். கேட்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைட்டிலாவில் மட்டாஞ்சேரி பஸ் காலியாகவே கிடைத்தது. அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். தேவரா தாண்டும்வரை ஆறு வாரம், ஆறு வாரம் என்று அதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலத்தில் ஏறும்போதுதான் ஒன்று உறைத்தது. இவர் நோட்டை வாசிக்க வைத்தது எப்போது? கேட்டேன். டாக்டரிடம் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்றார். அப்படியென்றால் நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்து வரிவரியாகத் தாண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு எந்த வரி காணோம் என்று தெரிந்திருக்கிறது.

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?” என்று கேட்டேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்குத்தான் புத்தி இல்ல. உங்களுக்கும் இல்லையா?”

கீழே காயலில் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அன்னைக்கு வாசிச்சியே ஒரு ஆளு, அவன் நல்ல சுகமா இருந்தான், கேட்டியா. கொஞ்ச நாள் அவனாவே இருந்துக்கலாம்னு தோணிச்சு.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கத் தெரியவில்லை, பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து, சேச்சிக்கு உடம்புக்கு என்ன, வண்டியை நிறுத்தணுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

ஒன்றுமில்லை, எல்லோரும் சுகம்தான் என்று இவர் சொன்னார்.